60 கி.மீ. வேகத்தில் ‘ஊங்’ என்ற உறுமல்: பேரிங்கா, டயரா, கியர்பாக்ஸா?

திருப்பூர் டீசல்

அனைவருக்கும் வணக்கம். முன்சக்கரங்களால் இயங்கும் டீசல் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஓட்டம் 90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அண்மைக் காலமாக 50 கிலோமீட்டர் வேகத்தில் மெல்லத் தொடங்கும் ஓர் உறுமல், 70-ஐ நெருங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அது முன்பக்கத்து வலது சக்கரத்திலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றியது. பட்டறையில் ஓட்டிப் பார்த்தவர்களும், ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடுவதால் வலது வீல் பேரிங்தான் காரணம் என்று சொல்லி அதை மாற்றினார்கள். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. இப்போது கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு பெரிய செலவில் இறங்குவதற்கு முன், நானே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்

கியர்பாக்ஸைப் பிரிக்க இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, அது எதைப் பொறுத்துக் கூடுகிறது, எதைப் பொறுத்துக் குறைகிறது என்பதை முதலில் பாருங்கள். காருக்குள் உட்கார்ந்திருப்பவரின் காது இடத்தைக் காட்டுவதில் நம்பத்தக்கது அன்று. பின்சக்கரத்தில் பிறக்கும் அதிர்வு தரைத்தகட்டின் வழியாகப் பரவி, டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாகன நெரிசல் இல்லாத நேரான சாலையில் 70-க்குச் சென்று, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, எஞ்சின் ஐடிலில் இருக்கும்படி காரைத் தானாக உருள விடுங்கள். எஞ்சினை மட்டும் அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக்குக்கான வேக்குவம் உதவியும் போய்விடும். எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் உறுமல் மாறாமல், காரின் வேகத்தோடு மட்டும் சேர்ந்து குறைகிறது என்றால், எஞ்சின், கிளட்ச், பெல்ட், டர்போ ஆகிய அனைத்தும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து சத்தமும் இறங்கினால், கார் நிற்கும்போதே அதே ஆர்.பி.எம்.முக்கு ஆக்சிலரேட்டரைக் கொடுத்து அது திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

அடுத்ததாக, நான்காவது கியரில் 60-இல் செல்லும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கடத்தும் கிரவுன், பினியன் போன்ற பற்சக்கரங்களில் தேய்மானம் இருந்தால், இழுக்கும்போது ஒரு விதமாகவும் விடும்போது வேறு விதமாகவும் சத்தம் கேட்கும். ஏனெனில் இழுக்கும்போது பல்லின் ஒரு முகமும், விடும்போது மறு முகமும் சுமையைத் தாங்குகின்றன. டயரும் வீல் பேரிங்கும் இந்த வேறுபாட்டை அவ்வளவாகக் காட்டுவதில்லை.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் நம் பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒரே வேகத்தில் கரடான தார்ச்சாலையிலும், புதிதாகப் போட்ட வழவழப்பான தார்ப்பரப்பிலும், மேம்பாலத்தின் கான்கிரீட் பரப்பிலும் ஓட்டிப் பாருங்கள். பரப்பு மாறும் கணத்திலேயே சத்தத்தின் குணமும் மாறினால் அது டயர். எந்தப் பரப்பிலும் ஒரே உறுமல் என்றால் பேரிங் பக்கம் பார்வையைத் திருப்பலாம். முடிவை இங்கே எழுதுங்கள்.

இயந்திரவியல் ஆசிரியர்

பட்டறைக்காரர் ஐயா சொன்னதை ஒரு கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சிறிய, நடுத்தரக் கார்களின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவு. 60-இல் எட்டு முதல் ஒன்பது சுற்று. எனவே மெதுவாக ஓட்டும்போது நொடிக்கு மூன்று முறை ‘தப், தப்’ என்று கேட்டால், சக்கரத்தின் ஒரே இடத்தில் ஏதோ இருக்கிறது என்று பொருள்: டயரில் வீக்கமோ, அதன் ரப்பர்க் கட்டங்களான பிளாக்குகளுக்கு நடுவே மாட்டிய கல்லோ, வளைந்த ரிம்மோ.

எஞ்சினுக்கும் இவ்வாறே கணக்கு உண்டு. 800 ஆர்.பி.எம். ஐடிலில் எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றுகிறது. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஒரு வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பெட் தளர்ந்து தட்டினால் அது நொடிக்கு ஆறு அல்லது ஏழு தட்டு. கவனித்தால் காதால் ஓரளவு தொடர முடியும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் தேய்ந்து இடித்தால் அது கிராங்க் வேகத்திலேயே, அதாவது இரு மடங்கு விரைவாக, கனத்த குரலில் வரும். மேலேயிருந்து வரும் மெல்லிய தட்டலுக்காக வண்டியைப் பட்டறை வரை ஓட்டிச் செல்லலாம். கீழேயிருந்து வரும் கனத்த இடியோடு ஆயில் விளக்கும் எரிந்தால், அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும். அந்த நிலையில் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கிராங்க் ஷாஃப்டைத் தின்னும்.

சங்ககிரி சரக்கு

இந்த இழையை ஒட்டி என் லாரியின் நிலையையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பின் அச்சு கொண்ட பத்துச் சக்கர லாரி. சுமையோடு கிளம்பும்போதும், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாறும்போதும் ‘டொக்’ என்று ஓர் இடி கேட்டது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸில் (சிலுவை வடிவ மூட்டில்) ஆட்டம் இருந்ததால் வெளியூரில் ஒரு பட்டறையில் அதைக் கழற்றிப் புதிய கிராஸ் போட்டோம். இடி நின்றது. ஆனால் அதற்குப் பிறகு 40-ஐத் தாண்டினால் கேபின் முழுவதும் நடுங்குகிறது. கூடவே ‘விர்ர்’ என்று ஒரு முனகல். ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் போய்விட்டது என்கிறார் எங்கள் ஓட்டுநர். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஏனென்றால் கழற்றுவதற்கு முன் இந்த நடுக்கம் இல்லவே இல்லை.

பட்டறைக்காரர்

உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. கழற்றி மாட்டிய பிறகு வந்த கோளாறை, கழற்றி மாட்டிய இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். ஷாஃப்டின் நடுவே நீளம் கூடிக் குறைவதற்காக ஸ்ப்ளைன் (நீளவாக்கில் வெட்டிய பற்கள்) வைத்த இணைப்பு இருக்கிறது அல்லவா? அதை உருவி மறுபடி செருகும்போது, இரண்டு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற யோக்குகள் ஒரே தளத்தில் அமைய வேண்டும். தயாரிப்பாளர்கள் இதற்காகவே அம்புக்குறி பொறித்திருப்பார்கள். கிரீஸும் மண்ணும் மூடியிருந்தால் அது கண்ணில் படாது. ஒன்றிரண்டு பல் தள்ளிச் செருகியிருந்தாலும் போதும், நீங்கள் சொல்லும் நடுக்கம் வந்துவிடும். லாரியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் கீழே சென்று பார்த்தால் போதும். புதிய பாகம் எதுவும் வாங்கத் தேவையில்லை.

அதோடு, கிராஸை நகராமல் நிறுத்தும் சர்க்ளிப் வளையங்கள் நான்கும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா, ஷாஃப்டில் ஒட்டவைத்திருந்த பேலன்ஸ் தகடு வேலையின்போது உதிர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். தகடு இருந்த இடத்தில் வெல்டிங் தடம் மட்டும் தெரியும்.

இயந்திரவியல் ஆசிரியர்

சங்ககிரி நண்பருக்கு ஒரு விளக்கம். கிராஸ் வைத்த இணைப்பு கோணத்தில் சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே செல்லும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறைகிறது. மறுமுனையிலுள்ள கிராஸ் அந்த ஏற்ற இறக்கத்தை நேர்மாறாகச் செய்து ஈடுகட்டுகிறது. யோக்குகள் தளம் மாறிவிட்டால் ஈடுகட்டுவதற்குப் பதிலாக இரண்டும் சேர்ந்து அதைப் பெருக்கிவிடும். லாரி டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.3 மீட்டர் உருள்வதாகவும் கிரவுன் விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை) 6 என்றும் கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நொடிக்கு முப்பது முறை சுற்றும். அதிர்வு நொடிக்கு அறுபது முறை வரும். உடலில் நடுக்கமாகவும் காதில் முனகலாகவும் ஒரே சமயத்தில் உணரப்படும் எல்லை அது.

கோவை பழைய கார்

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்க்கும் சோதனையை நான் பல ஆண்டுகளாக நம்பி வந்திருக்கிறேன். இடப்பக்கம் திரும்பினால் சுமை வலது சக்கரத்தின் மீது சாய்கிறது; வலது பேரிங் கத்துகிறது. இந்த நெறிப்படி நடந்த பட்டறையைக் குறை சொல்ல முடியாது என்பது என் கருத்து.

பட்டறைக்காரர்

அந்தச் சோதனையைச் செய்தது தவறு அன்று. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு. சுமை சாய்வது பேரிங்கின் மீது மட்டும் அல்லவே, அதே பக்கத்து டயர்களின் மீதும்தான் சாய்கிறது. பள்ளமும் மேடுமாகத் தேய்ந்த டயரும் சுமை ஏறும்போது கூடுதலாக உறுமும். முன்வலது, பின்வலது என்ற வேறுபாட்டையும் இந்தச் சோதனை காட்டாது. மேலும், இன்றைய கார்களில் இரட்டை வரிசைக் குண்டுகளோடு ஒரே தொகுப்பாக வரும் ஹப் பேரிங்கில், தேய்ந்தது உள்வரிசையா வெளிவரிசையா என்பதைப் பொறுத்து, திரும்பும்போது எதிர்ப்பக்கத்துப் பேரிங் கத்துவதும் உண்டு.

ஆகவே, சாலையில் கேட்டதைக் கையால் உறுதிசெய்யாமல் பேரிங்கைப் பிடுங்கக் கூடாது. சக்கரத்தை ஜாக்கில் உயர்த்தி, கட்டாயம் ஸ்டாண்ட் வைத்துத் தாங்கிய பிறகு, ஒரு கையைக் காயில் ஸ்பிரிங்கின் மீது வைத்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கெட்ட பேரிங் என்றால் காதுக்கு எட்டாத கரகரப்பும் ஸ்பிரிங் வழியாக விரல்களுக்குத் தெரியும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது மட்டும் போதாது; ஆட்டமே இல்லாமல் கத்தும் பேரிங்குகள் ஏராளம்.

இயந்திரவியல் ஆசிரியர்

சிலர் ஒற்றைச் சக்கரத்தை மட்டும் தூக்கி, எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுச் சுழலவிடுகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. மறுசக்கரம் தரையில் நிற்கும்போது, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிரும் டிஃபரென்ஷியல் முழுச் சுழற்சியையும் தூக்கிய சக்கரத்துக்கே கொடுக்கும். ஸ்பீடோமீட்டர் 40 காட்டினால் அந்தச் சக்கரம் 80-க்கு உரிய வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். தவிர, சக்கரம் தொங்கும் நிலையில் டிரைவ் ஷாஃப்டின் ஜாயிண்ட் வழக்கத்துக்கு மாறான கோணத்தில் மடிந்து, சாலையில் இல்லாத சத்தத்தை எழுப்பும். அதை நம்பி ஷாஃப்டை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சோதனை தேவைப்பட்டால், சக்கரங்கள் அனைத்தும் உயரும் லிஃப்ட் உள்ள இடத்தில், பழகியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும்.

திருப்பூர் டீசல்

சொன்னபடி செய்து பார்த்தேன். நியூட்ரலில் உருளவிட்டபோது உறுமல் அப்படியே இருந்தது. வேகம் குறையக் குறையத் தானும் குறைந்தது. மிதித்தாலும் விட்டாலும் வேறுபாடு இல்லை. அவிநாசி சாலையில் கரடான பகுதி முடிந்து வழவழப்பான பரப்பு தொடங்கிய இடத்தில் சத்தம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைப் பக்கத்தில் இருந்த என் தம்பியும் கவனித்தான். பின்பக்கத்து டயர்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். முன்னோக்கித் தடவும்போது வழுக்கிச் செல்லும் கை, பின்னோக்கி இழுக்கும்போது ஒவ்வொரு பிளாக்கின் ஓரத்திலும் ரம்பப் பல்லைப் போல இடறுகிறது. வலப்பக்கத்து டயரில் இது மிகவும் அதிகம். முன்டயர்களில் அப்படி இல்லை. டயர்களில் ஆழம் இன்னும் நன்றாகவே இருக்கிறது. பார்வைக்குப் புதியதைப் போலத்தான் தெரிகிறது.

பட்டறைக்காரர்

காரணம் ஏறத்தாழக் கைக்குள் வந்துவிட்டது. உறுதிசெய்வதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பின்டயர்களை முன்னாலும் முன்டயர்களை அதே பக்கத்தில் பின்னாலும் மாற்றிப் போட்டு, அதே சாலையில், அதே காற்றழுத்தத்தில் ஓட்டுங்கள். சத்தத்தின் இடமோ குணமோ மாறினால் பேரிங், கியர்பாக்ஸ் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

முன்சக்கர இயக்கக் கார்களில் பின்டயர்கள் மீது சுமை குறைவு. அவற்றை இடம் மாற்றாமலே நெடுந்தூரம் ஓட்டினால் பிளாக்குகளின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்து, நீங்கள் சொன்ன ரம்ப வடிவம் உருவாகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் அதிகமாக இருப்பதால், அந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். டயர் சாலையில் சீராக அழுந்தாமல் துள்ளினால் இடைவெளி விட்டுவிட்டுப் பள்ளம் விழும். பின் அச்சின் ரப்பர் புஷ்ஷையும் பார்த்துவிடுங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் புதிய டயர் போட்டால் அதுவும் இதே நிலைக்குத்தான் வரும். ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போடுவது, இந்தச் சத்தத்தைத் தொலைவிலேயே நிறுத்தி வைக்கும்.

கோவை பழைய கார்

ஏற்றுக்கொள்கிறேன். ஸ்டீயரிங் சோதனைக்கு முன்பாகச் சாலைப் பரப்புச் சோதனையைச் செய்திருந்தால் பேரிங்குக்கான பணம் மிஞ்சியிருக்கும் என்பது தெரிகிறது.

புதிய உரிமையாளர்

எனக்கும் ஒரு கேள்வி. என் டீசல் கார் காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ‘டிக் டிக்’ என்று வேகமாகத் தட்டுகிறது. சூடானதும் முழுவதுமாக நின்றுவிடுகிறது. டேப்பெட் என்று ஒருவரும் இன்ஜெக்டர் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். இன்ஜெக்டர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தால் எந்த சிலிண்டர் என்று தெரிந்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அதை நானே செய்யலாமா?

பட்டறைக்காரர்

வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். குழாயைத் தளர்த்திப் பார்க்கும் வழக்கம், இயந்திர பம்ப் வைத்த பழைய டீசல் எஞ்சின்களுக்கு உரியது. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் செல்லும் காமன் ரெயில் எஞ்சினில் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். பலவற்றில் 1,600, 2,000 பார் வரைக்கும் செல்லும். ஊசிமுனை அளவு கசிவிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். வெளியே சிறு புள்ளி போலத் தெரியும் அந்தக் காயம், உடனடி அறுவைச் சிகிச்சை இல்லாவிட்டால் விரலையோ கையையோ இழக்கச் செய்யக்கூடியது. எந்த சிலிண்டர் என்பதை ஸ்கேனர் வழியாக இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து அறியலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். கேஸ்கெட் கசிந்தாலோ ஒரு ஸ்டட் முறிந்திருந்தாலோ, குளிர்ந்த நிலையில் புகை இடைவெளி வழியாக வெடித்து வெளியேறி, டேப்பெட் தட்டுவதைப் போலவே கேட்கும். இரும்பு சூடேறி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் நின்றுவிடும். கசிந்த இடத்தில் கருப்புக் கரித்தடம் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். தடம் எதுவும் இல்லையென்றால் ஆயிலின் அளவையும் தரத்தையும் பார்த்துவிட்டு டேப்பெட் பக்கம் வரலாம். வண்டியை முந்தைய நாள் இரவே பட்டறையில் விட்டுவிடுங்கள். பத்து மணிக்குச் சூடான வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், இல்லாத சத்தத்தை எந்த மெக்கானிக்காலும் கேட்க முடியாது.

இயந்திரவியல் ஆசிரியர்

அதே வகையைச் சேர்ந்த இன்னொரு சத்தம் பெல்ட்டின் கீச்சொலி. ஐடிலில் பெல்ட்டின் பள்ளங்கள் உள்ள பக்கத்தில் சிறிது நீரைப் பாட்டிலிலிருந்து தெளித்தால், சத்தம் சிறிது நேரம் நின்று மறுபடியும் வரும் நிலை புல்லிகள் நேர்கோட்டில் இல்லை என்பதையும், சத்தம் கூடும் நிலை பெல்ட் தளர்ந்திருப்பதையும் காட்டும். தெளிக்கும்போது துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி எதுவும் எஞ்சின் அருகே இருக்கக் கூடாது. ரேடியேட்டரின் மின்விசிறி முன்னறிவிப்பு இல்லாமல் சுழலத் தொடங்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்ககிரி சரக்கு

யோக்குதான். ஸ்ப்ளைன் இணைப்பைத் துடைத்துப் பார்த்தபோது இரண்டு அம்புக்குறிகளும் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. கழற்றி நேராக்கிச் செருகிய பிறகு நடுக்கமும் முனகலும் இல்லை. சென்டர் பேரிங்கின் ரப்பரும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சுமையோடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பின்னாலிருந்து, பிரேக் பிடிக்கும் தருணத்தில் மட்டும், ஒரே ஒரு ‘டொக்’ கேட்கிறது. பிரேக்கை விட்டதும் மறுபடி ஒரு ‘டொக்’. இதற்கு என்ன பார்க்க வேண்டும்?

பட்டறைக்காரர்

பிரேக் பிடிக்கும்போது ஒன்றும் விடும்போது ஒன்றும் வருகிறது என்றால், அச்சு முன்னும் பின்னும் நகர்ந்து ஏதோ ஒன்றில் இடிக்கிறது. அச்சைச் சேஸிஸோடு பிணைக்கும் டார்க் ராட்களின் புஷ்களை முதலில் பாருங்கள். ஒருவர் லாரியை மிக மெல்ல முன்னும் பின்னும் நகர்த்திப் பிரேக் பிடிக்க, இன்னொருவர் பக்கவாட்டில், சக்கரங்களின் பாதைக்கு வெளியே பாதுகாப்பான தொலைவில் நின்று ராட்டின் முனையைக் கவனித்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரியும். லாரி நகரும்போது எவரும் அடியில் போகக் கூடாது.

புஷ் நன்றாக இருந்தால், அச்சைப் பட்டையோடு இறுக்கும் யு போல்ட் தளர்ந்திருக்கிறதா, பட்டையின் (ஸ்பிரிங் தகடுகளின்) சென்டர் போல்ட் முறிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் அச்சுக்கும் சேஸிஸில் ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கும் இடையே நாடா பிடித்து அளந்து பாருங்கள்; இரண்டு அளவுகளும் ஒத்துவரவில்லை என்றால் அச்சு நகர்ந்துவிட்டது. அந்த நிலையில் சுமை ஏற்றாதீர்கள். தொப்பூர் இறக்கத்தில் முழுச் சுமையோடு பிரேக் பிடிக்கும் லாரியில் அச்சு நகர்வது உயிர் தொடர்பானது. சத்தம் சிறியதாக இருக்கிறது என்று பார்க்க வேண்டாம்.

சக்கர நட்டுகளைச் சுற்றித் துருக்கோடுகள் வழிந்திருக்கின்றனவா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். சக்கரம் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்க் ரெஞ்சு கொண்டு ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும். அச்சின் அளவு என்ன வந்தது என்று எழுதுங்கள். சுமை ஏற்றும் முன்பாகவே எழுதுங்கள்.